ஷார்ஜாவுக்குப் போன ஹார்ட் டிஸ்க்

அப்சர் தன் மகளை இதுவரை நேரில் பார்த்ததில்லை. ஜஸீலா ஐந்து மாசக் கர்ப்பமாக இருந்தபோது அவன் ஷார்ஜாவுக்கு விமானம் ஏறினான். அங்கே ரோலா என்ற பகுதியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பழுது பார்க்கிற வேலை. குழந்தை பிறந்து, நுஸைபா என்று பேர் வைத்து, அது குப்புற விழுந்து, தவழ்ந்து, நடந்து, இப்போது ஊரில், பண்டாரவாடைத் தெருவில் ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஓடவும் ஆரம்பித்துவிட்டது. அவனுக்கு லீவு மட்டும் கிடைக்கவில்லை.

லீவு கிடைக்காதவன் சாமான்களை அனுப்பினான். ஊருக்கு வருகிறவர்கள் கையில் முதலில் ஒரு டிஜிட்டல் கேமரா வந்தது. அப்புறம் தம்பி சைபுல்லாவைக் கும்பகோணத்துக்கு அனுப்பி, எந்தெந்தப் பாகம் வாங்க வேண்டும் என்று போனிலேயே சொல்லி, வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வர வைத்தான்.

"புள்ள செய்யிறது ஒண்ணையும் விடாம புடிச்சு வை ஜஸீலா. நான் வந்து உக்காந்து ஒரே மூச்சா பாக்கணும்" என்றான்.

நெட்டில் அனுப்பலாம் என்றால், ஒரு வீடியோ பாதி போவதற்குள் கரண்ட் போய்விடும். அந்த வருஷம் தஞ்சாவூர் ஜில்லா முழுக்க அப்படித்தான் இருந்தது. வெப்கேமில் பேசினாலும் அவன் முகம் சதுரம் சதுரமாக உடைந்து, வாய் அசைந்து முடிந்த பிறகு குரல் வரும். அதனால் ஜஸீலா எல்லாவற்றையும் பிடித்துப் பிடித்துக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்தாள். முதல் பல், முதல் பெருநாள், குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் வந்த அன்று படித்துறையில் காலை நனைத்துவிட்டுக் குழந்தை கத்திய கத்தல், எல்லாம் அதற்குள் இருந்தன. சிடியில் எழுதி இன்னொரு பிரதி வைத்துக்கொள் என்று அப்சர் பலமுறை சொல்லியிருந்தான். நாளைக்குப் பார்க்கலாம் என்று அவளும் பலமுறை தள்ளிப்போட்டிருந்தாள்.

குழந்தையின் படங்களைத் தவிர இன்னொன்றும் அதில் இருந்தது. அது ஜஸீலாவைத் தவிர யாருக்கும் தெரியாது.

வீட்டு போன் கூடத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அப்சர் கூப்பிட்டால் முதலில் மாமியார் ஹலீமா பேசுவாள். முட்டிவலி, கொல்லைத் தென்னை, யார் வீட்டில் நிக்காஹ் என்று அவளுக்குச் சொல்ல நிறைய இருக்கும். அடுத்து சைபுல்லா, தன் விசா என்ன ஆயிற்று என்று கேட்பான். ஜஸீலாவின் முறை வரும்போது போன் கார்டு தீர்கிற சத்தம் கேட்கும். கேட்காத நாளிலும் பக்கத்திலேயே மாமி வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா?" என்பதோடு அவள் பேச்சு முடிந்துவிடும்.

ஒருநாள் மத்தியானம், மாமியும் குழந்தையும் தூங்கிய பிறகு, வெப்கேம் வேலை செய்கிறதா என்று பார்க்க அதைப் போட்டவள் சும்மா பேசிப் பார்த்தாள். பேசப் பேச நிறுத்த முடியவில்லை. கேமராவின் மேல் இருந்த சின்னப் பச்சை விளக்கைப் பார்த்து, அதுதான் மச்சான் என்று நினைத்துக்கொண்டு பேசினாள்.

"மச்சான், உங்க கோடு போட்ட சட்டை ஒண்ணு தொவைக்காம பீரோக்குள்ள வச்சிருந்தேன். நேத்து மாமி எடுத்துத் தொவைச்சுப் போட்டுட்டாங்க. எனக்கு வந்த அழுகை அவங்களுக்குப் புரியல. ஒரு சட்டைக்கா இப்படின்னு கேட்டாங்க."

அதன் பிறகு தோன்றியபோதெல்லாம் பேசினாள். சில நாள் கோபப்பட்டாள். சில நாள் ஒன்றும் சொல்லாமல் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். அதையெல்லாம் ஒரு ஃபோல்டரில் போட்டு 'தையல்' என்று பேர் வைத்தாள். தையல் என்றால் சைபுல்லா திறந்து பார்க்க மாட்டான். அனுப்புவதற்காக அவள் அதைச் செய்யவில்லை. அவன் பார்ப்பான் என்று நினைத்திருந்தால் பாதியைப் பேசியிருக்கவே மாட்டாள்.

ஆடி மாசத்தில் கம்ப்யூட்டர் கோளாறு செய்ய ஆரம்பித்தது. ஒரு போட்டோவைத் திறந்தால் மேல் பாதி நன்றாக இருக்கும், கீழ்ப் பாதி சாம்பல் நிறமாக நிற்கும். ஒரு வீடியோ ஓடிக்கொண்டே இருந்து குழந்தை கையைத் தூக்கிய இடத்தில் அப்படியே உறைந்துவிடும். முன்பு உடனே திறந்த ஃபோல்டர் இப்போது திறப்பதற்குள் அவள் அடுப்பில் பாலை வைத்து இறக்கிவிட்டே வந்துவிடலாம். கரண்ட் அடிக்கடி போய்ப் போய் வருவதால் அப்படி இருக்கிறது போலும் என்று விட்டுவிட்டாள். அது போடுகிற அபயக்குரல் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு காலையில் பெட்டிக்குள்ளிருந்து டக், டக் என்று சத்தம் வந்தது. பல்லி கத்துகிற மாதிரி, ஆனால் தாளம் தப்பாமல். திரை நீலமாகி, இங்கிலீஷில் என்னவோ எழுதிக்கொண்டு நின்றது. சைபுல்லா வந்து அணைத்தான், போட்டான். மறுபடி அணைத்தான், போட்டான். ஒருமுறை அது எண்களை ஓடவிட்டு டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்று சொன்னது. ஒருமுறை டிஸ்க்கே இல்லை என்றது.

"ஒண்ணும் இல்ல மச்சி" என்றான் சைபுல்லா. அண்ணன் மனைவியை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "விண்டோஸ் போயிருக்கு. என் ஃபிரெண்டக் கூட்டிட்டு வரேன். ஃபார்மேட் அடிச்சுப் புதுசா போட்டா கிண்ணுனு ஓடும்."

"ஃபார்மேட் அடிச்சா உள்ள இருக்கிறது?"

"அது போயிடும். கம்ப்யூட்டர் நல்லாயிடும்ல?"

ஜஸீலா அவன் கையிலிருந்த செல்போனை வாங்கி அப்சருக்கு மிஸ்டு கால் கொடுத்தாள். வேலை நேரத்தில் அவள் அப்படிக் கொடுத்ததே இல்லை. அவன் பதறிப்போய் உடனே கூப்பிட்டான்.

"அம்மாக்கு என்ன?"

"மாமி நல்லா இருக்காங்க. கம்ப்யூட்டர்தான்… உள்ளேருந்து டக்கு டக்குனு சத்தம் வருது மச்சான்."

"போனை அதுக்குப் பக்கத்துல கொண்டுபோய்ப் புடி" என்றான்.

அவள் மண்டியிட்டு, செல்போனைப் பெட்டியின் வயிற்றோடு ஒட்டிப் பிடித்தாள். டக், டக், டக். கடல் தாண்டி, இன்னொரு ஊரில், ஒரு கடையின் இரைச்சலுக்கு நடுவே ஒரு காதைப் பொத்திக்கொண்டு அப்சர் அதைக் கேட்டான்.

"அணை. ஜஸீலா, இப்பவே அணை. ப்ளக்கப் புடுங்கிடு."

புடுங்கினாள். வீடே அமைதியாகிவிட்டது போல இருந்தது.

"கேட்டுக்க" என்றான் அவன். கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற நிதானம் குரலில் வந்திருந்தது. "உள்ள ஒரு தட்டு சுத்தும். அதுக்கு மேல முடி கனத்துக்குக்கூட இடைவெளி இல்லாம ஒரு முள்ளு ஓடும். அந்த முள்ளுக்குத்தான் இப்ப அடிபட்டிருக்கு. ஓடவிட்டா தட்டு மேல கீறிக்கிட்டே போகும். கீறின இடத்துல இருக்கிறது யாராலயும் திரும்ப எடுக்க முடியாது. அணைச்சு வச்சா அணைச்சு வச்ச அளவுக்காவது மிஞ்சும். புரியுதா?"

"ஒரே ஒரு தரம் போட்டு, புள்ள படத்தை மட்டும் சிடில எடுத்துக்கட்டுமா?"

"வேணாம். எல்லாரும் அந்த ஒரே ஒரு தரத்துலதான் தொலைக்கிறாங்க. எங்கிட்ட வர்றவங்க பாதிப் பேர் அப்படித்தான் கொன்னு எடுத்துட்டு வராங்க. ஃபார்மேட் கூடாது, எந்த சாஃப்ட்வேரும் போடக்கூடாது, டிஸ்க்கு மூடியத் தொறக்கக் கூடாது. நான் வர்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாது."

"நீங்க எப்ப…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் கேட்டிருக்கேன்" என்றான்.

அவன் சொல்லச் சொல்ல, சைபுல்லா ஸ்க்ரூவைக் கழற்றி ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்தான். கைக்கடக்கமான ஒரு இரும்புப் பெட்டி. நுஸைபாவின் இரண்டரை வருஷம் இவ்வளவுதான் கனமா என்று ஜஸீலாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. டர்க்கித் துண்டில் சுற்றிப் பீரோவில் சேலைகளுக்கு நடுவே வைத்தாள்.

அதன் பிறகு பார்க்கவும் முடியாது, தொடவும் முடியாது. முன்பெல்லாம் மனசு கேட்காதபோது குழந்தையின் பழைய படங்களைப் போட்டுப் பார்ப்பாள். மடியில் கிடந்த நாள்கள் அவளுக்கே மறந்துகொண்டு வந்தன. தையல் ஃபோல்டரை நினைத்தால் வேறு மாதிரி கலக்கம். அது பிழைத்தால் அவன் பார்த்துவிடுவான். பிழைக்காவிட்டால், தான் இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் அங்கே கொண்டுபோய் வைத்ததெல்லாம் போய்விடும். இரண்டில் எது வேண்டும் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. சம்பா வயல்களில் தண்ணீர் நின்றது. ஒருநாள் மீன் எடுக்க ஃப்ரீஸரைத் திறந்த ஜஸீலா, வாவல் மீன் பைக்குப் பக்கத்தில் தன் டர்க்கித் துண்டைக் கண்டாள். உள்ளே, பிளாஸ்டிக் கவரில், ஹார்ட் டிஸ்க். எடுத்த உடனே அதன் மேல் முத்து முத்தாக வியர்த்தது.

"சைபுல்லா!"

அவள் அப்படிக் கத்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஹலீமா வெற்றிலைப் பெட்டியை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். சைபுல்லா முகம் வெளிறி நின்றான்.

"ஃபிரெண்டு சொன்னான் மச்சி. ஒருநாள் ஃப்ரீஸர்ல வச்சா முள்ளு சுருங்கி, கொஞ்ச நேரம் ஓடுமாம். அதுக்குள்ள படத்தை எடுத்துடலாம்னு… நீங்க தெனம் பீரோவத் தொறந்து தொறந்து பாக்குறீங்க. எனக்குப் பாக்கவே சங்கடமா இருந்துச்சு."

நல்ல எண்ணத்தில் செய்தவனைத் திட்டவும் முடியவில்லை. ஹலீமா, "அரிசி டிரம்முக்குள்ள பொதைச்சு வை புள்ள, ஈரத்தை இழுத்துடும்" என்றாள். அதற்குள் மிஸ்டு கால் பார்த்து அப்சர் கூப்பிட, அவளே எடுத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அரிசியில வேணாம்மா. தவிட்டுத் தூசி அதுல காத்துக்குன்னு விட்டிருக்கிற ஓட்டை வழியா உள்ள போயிடும். ஜஸீலாகிட்டச் சொல்லுங்க, வெயில்ல வைக்கக் கூடாது, ஹேர் டிரையர் கூடாது. காத்தோட்டமா நிழல்ல வைக்கச் சொல்லுங்க. ஒரு வாரம் கெடக்கட்டும். கரண்டு குடுக்காத வரைக்கும் ஒண்ணும் ஆகாது."

அப்படிச் சொன்னானே ஒழிய, குரலில் தைரியம் இல்லை. "இன்னொரு சேதி" என்றான். கடையில் வேலை பார்த்த இன்னொருவன் நின்றுவிட்டான். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு லீவு இல்லை.

ஹலீமா போனை மருமகளிடம் நீட்டினாள். அவள் கண் கலங்கியதை ஜஸீலா அன்றுதான் முதல்முறை கவனித்தாள்.

"நம்ம தெரு சேக் தாவூது மாமா லீவு முடிஞ்சு அடுத்த வாரம் இங்க திரும்பி வராங்கல்ல?" என்றான் அப்சர். "அவங்ககிட்டக் குடுத்து விடு. இங்க எங்கிட்ட எல்லாச் சாமானும் இருக்கு. நானே எடுக்கிறேன்."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. அவன் ஊருக்கு வந்து, தான் பக்கத்தில் இருக்கும்போது திறப்பான், தையல் ஃபோல்டரைக் கண்ணில் படாமல் ஒதுக்கிக்கொள்ளலாம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இப்போது அது தனியாக அவனிடம் போகப் போகிறது.

ஒரு வாரம் யோசித்தாள். உலர்ந்த டிஸ்க்கை எடுத்து, அவன் சொன்ன மாதிரி கம்ப்யூட்டர் சாமான் வருகிற வெள்ளி நிறப் பையில் போட்டு, சுற்றிலும் ஸ்பாஞ்ச் வைத்து, மிட்டாய் டப்பாவில் இறுக்கி, டேப் ஒட்டினாள். ஒட்டிய பிறகு போன் செய்தாள்.

"ஏர்போர்ட்ல எக்ஸ்ரேல போனா அழிஞ்சிடாதா?"

"அழியாது. கீழ விழக்கூடாது, அவ்வளவுதான். பெட்டியில போடாம கைப்பையில வச்சுக்கச் சொல்லு."

"மச்சான்… அதுல தையல்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அது என்னோடது. கெடைச்சா எடுத்து வைங்க. ஆனா தொறக்காதீங்க."

மாமி பக்கத்தில்தான் இருந்தாள். அப்சர் காரணம் கேட்கவில்லை. "சரி" என்றான்.

சேக் தாவூது மழையில் வேன் ஏறித் திருச்சிக்குப் போனார். கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அப்சர் உடனே தொடவில்லை. அதே மாடலில் ஒரு பழைய டிஸ்க்கைத் தேடிப் பிடித்து, அதன் முள்ளை எடுத்து இதற்கு மாற்றித் தர, தூசியே இல்லாத அறை வைத்திருந்த ஒரு நண்பரைப் பிடித்தான். பிறகு அதிலிருந்து எதையும் திறக்காமல், எழுத்து எழுத்தாக முழுசையும் வேறொரு புது டிஸ்க்குக்கு நகல் எடுக்க விட்டான். சரியாகப் படிக்கிற இடத்தை முதலில் எடுத்துக்கொண்டு, சிக்குகிற இடத்தைத் தாண்டிப் போய், பிறகு திரும்பி வந்து அதைத் தொட வேண்டும். அடுத்தவர்களின் கல்யாண ஆல்பத்தையும் கம்பெனிக் கணக்கையும் இப்படி எத்தனையோ எடுத்துக் கொடுத்திருக்கிறான். இதற்கு மட்டும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். பாதிக்கு மேல் நகல் வந்தபோது மறுபடி டக், டக் என்று கேட்டது. அதோடு பழைய டிஸ்க் நின்றுவிட்டது. அது அப்புறம் சுற்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. கூடத்தில் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

"புள்ள படம் பாதி கெடைச்சிருக்கு" என்றான். "மொதப் பெருநாள் முழுசா இருக்கு. படித்துறை வீடியோல படம் போச்சு, சத்தம் மட்டும் வருது. நடக்க ஆரம்பிச்சதெல்லாம் இல்ல. தட்டுல அந்த எடம் கீறிடுச்சு."

ஹலீமா "அல்லாவே" என்று உட்கார்ந்தாள். சைபுல்லா வெளியே போய்விட்டான். போன் ஜஸீலாவிடம் வந்தது.

"தையல் ஃபோல்டர் அப்படியே முழுசா வந்திருக்கு" என்றான் அப்சர். அவன் மெதுவாகப் பேசினான். "தொறக்கல. நீ சொன்னதுனால தொறக்கல. ஆனா ஒவ்வொண்ணும் எந்தத் தேதில எடுத்ததுன்னு தெரியுது. எல்லாம் மத்தியானத்துல எடுத்தது." பிறகு கேட்டான். "தொறக்கவா?"

ஜஸீலா போனின் சுருள் வயரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். மாமி நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றால் அவன் அழித்துவிடுவான். ஏன் என்று கேட்க மாட்டான். அப்படிப்பட்டவன்தான்.

"தொறங்க" என்றாள்.

"எதைத் தொறக்கச் சொல்றே?" என்றாள் ஹலீமா.

"தையல் மாடல் மாமி."

அதன் பிறகு சில நாள் ஒரு சத்தமும் இல்லை. ஜஸீலாவுக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லக் கூடாததையெல்லாம் சொல்லியிருக்கிறோமே என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து உறுத்தியது. 'நீங்க போனதுக்கு நான் சரின்னு தலையாட்டினேன், ஆனா யாரும் என்னைக் கேக்கலையே' என்று ஒருநாள் கேட்டிருந்தாள். 'உங்க முகம் எனக்கு மறந்துட்டு வருதோன்னு பயமா இருக்கு' என்று இன்னொரு நாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், மாமி உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் போன் அடித்தது. அந்த நேரத்தில் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஓடிப்போய் எடுத்தாள்.

"ஜன்னல் இல்ல" என்றான் அப்சர்.

"என்ன மச்சான்?"

"எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீங்க, அங்க ஜன்னல் இருக்கான்னு கேட்டிருந்தேல்ல. ஜன்னல் இல்ல. ஆறு பேர் ரூம். எனக்கு மேல் கட்டில். செவுத்துப் பக்கம் திரும்பித்தான் படுப்பேன். அப்படிப் படுத்தாத்தான் ஊர்ல இருக்கிற மாதிரி தோணும்."

ஜஸீலா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

அங்கே மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு சாயங்காலம்தான் திறப்பார்கள். மற்றவர்கள் தூங்குகிற அந்த நேரத்தில் இனி தினம் கூப்பிடுகிறேன் என்றான். சொன்ன மாதிரியே கூப்பிட்டான். ஒரு நாளைக்கு ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, அதில் அவள் கேட்டதற்குப் பதில் சொன்னான். சில கேள்விகளுக்கு இரண்டு வருஷம் வயசாகியிருந்தது. யாரும் உன்னைக் கேட்கவில்லை என்பது உண்மைதான் என்றான். தானும் கேட்கவில்லை என்றான். சட்டைக்கு மட்டும் பதில் சொல்லாமல் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு சரியாக வரவில்லை.

படித்துறை வீடியோவை ஒருநாள் அங்கே ஓடவிட்டு, போனை ஸ்பீக்கர் பக்கம் வைத்தான். தண்ணீர் சத்தம். குழந்தை வீரிட்டுக் கத்துகிறது. யாரோ சிரிக்கிறார்கள்.

"இப்ப என்ன நடக்குது? சொல்லு."

ஜஸீலா கண்ணை மூடிக்கொண்டாள். "மாமி அவளைத் தூக்கிப் புடிச்சிருக்காங்க. மஞ்சக் கவுனு. காலை எடுக்குறா, வைக்குறா. தண்ணி புதுத்தண்ணி, கலங்கிப் போய் நொரையோட வருது. ஒரு வாழைமட்டை மெதந்து போகுது. அதப் பாத்துத்தான் கத்துறா, பயத்துல இல்ல. அது வேணுமாம்."

"வேணுமாமா?"

"ஆமா. கையை நீட்டுறா. இப்ப மட்டை தாண்டிப் போயிடுச்சு. என்னையப் பாக்குறா."

அவன் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டான். அவள் மறுபடி சொன்னாள்.

மிஞ்சியதையெல்லாம் மூன்று பிரதி எடுத்தான் அப்சர். ஒன்று அவனிடம், ஒன்று ஜஸீலாவின் பிறந்த வீட்டில், ஒன்று சைபுல்லாவின் பொறுப்பில். சைபுல்லா அதை யாரையும் தொட விடவில்லை. விசா வந்து அவன் கிளம்பியபோதும், கம்ப்யூட்டரைப் பற்றித்தான் ஜஸீலாவிடம் நிறையச் சொல்லிவிட்டுப் போனான்.

மாசியில், அறுப்பு முடிந்து வயலெல்லாம் வெறிச்சென்று கிடந்தபோது, அப்சருக்கு லீவு கிடைத்தது. நாற்பது நாள். திருச்சி ஏர்போர்ட்டில் "அத்தாவைப் பாரு" என்று ஜஸீலா காட்டியதும் நுஸைபா தாயின் பின்னால் ஒளிந்துகொண்டாள். வீட்டில் மூன்று நாள் அவன் பக்கமே போகவில்லை. தூரத்தில் நின்று பார்ப்பாள். அவன் கூப்பிடவும் இல்லை, அவசரப்படவும் இல்லை. அவள் நடப்பதையும், ஓடுவதையும், விழுந்து எழுவதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கேமராவை எடுக்கட்டுமா என்று ஜஸீலா கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தான்.

நாலாம் நாள் அவளாகவே வந்து, தன் செருப்பு வார் அறுந்துவிட்டது என்று அவனிடம் நீட்டினாள்.

நாற்பது நாள் எப்படிப் போனது என்று தெரியவில்லை. மறுபடி வேன், மறுபடி திருச்சி. ஜஸீலா வாசலோடு நின்றுகொண்டாள். வேன் திரும்புகிற வரைக்கும் பார்த்துவிட்டு உள்ளே வந்து, அவன் கழற்றிப் போட்டுவிட்டுப் போன சட்டையை எடுத்தாள். ஹலீமா அதைப் பார்த்தாள். பீரோச் சாவியை எடுத்து மருமகள் கையில் கொடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் போன் அடித்தது. ஜஸீலா கொல்லையிலிருந்து வருவதற்குள் நுஸைபா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி எடுத்துவிட்டாள்.

"அத்தா" என்றாள். "நான்தான் பேசுறேன்."